பின் மட்கார்டு தேர்ந்தெடுக்க ஆகும் நேரம்

மூன்று பின் மட்கார்டுகளைக் கண்ணாடி மேசை மேல் வரிசையாகக் கிடத்திவிட்டு மாசானம் அண்ணாச்சி, “பாத்துச் சொல்லுங்கம்மா, ஒண்ணும் அவசரமில்ல” என்கிறார். அவசரமில்லை என்று இவருக்கு யார் சொன்னது, ஆயில் கம்பெனிக்காரன் கொடுத்த சுவர்க் கடிகாரம் மூன்று இருபது காட்டுகிறது, ஐந்து மணியோடு பாளையங்கோட்டையில் அந்தப் பெண்கள் கல்லூரி அலுவலகத்தில் கௌரவ விரிவுரையாளர் விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள், என்னோடு ஆராய்ச்சி செய்த உலகக்கா விண்ணப்பம் போடப் போவதில்லை என்று மத்தியானமே வாய்ஸ் அனுப்பிவிட்டாள், அவளைப் போட வைக்கக்கூடிய ஒரே செய்தி என்னிடம்தான் இருக்கிறது, நான் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நின்று பிளாஸ்டிக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்னைக்கு உன் பிஎச்.டி. வைவாவுல சிரிச்சவங்க உன் ஆராய்ச்சிக்காகச் சிரிக்கலக்கா, உன் முதுகுல இருந்த சேத்தைப் பாத்துச் சிரிச்சாவ, அந்தச் சேறு என் வண்டிச் சக்கரம் அடிச்சது. இவ்வளவுதான், ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம், பன்னிரண்டு நாளாகச் சொல்லவில்லை. துறையில் ‘ஜெனோவா வந்துட்டா, நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்க, இன்னைக்கு சாப்பாடு கிடையாது’ என்று என்னைப் பார்த்துச் சொல்வார்கள், அவ்வளவு பேசுவேன், ஹாஸ்டல் மெஸ் கமிட்டியிலிருந்து கலாச்சாரம் என்ற சொல்லை யார் எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்பது வரைக்கும் பேசுவேன், இந்த ஒன்றை மட்டும் பேச வரவில்லை. மழை தகரக் கூரையில் சடசடவென்று விழுகிறது. முதல் மட்கார்டு குட்டையானது, பளபளப்பானது, டயரோடு ஒட்டி வளைந்து நிற்பது. இரண்டாவது நீளமானது, கறுப்பு, ஒரு அழகும் இல்லாதது, வண்டி வாங்கும்போது கம்பெனியே மாட்டி அனுப்புவது போன்றது. மூன்றாவது வெறும் ரப்பர் பட்டை. “இந்தக் குட்டை இருக்கு பாத்தியளா, இது உள்ள இருக்க ஷாக் அப்சார்பருக்குப் பாதுகாப்பு. நீட்டு இருக்கே, அது பின்னால உக்கார்ற ஆளுக்கு. ரப்பரு வண்டிக்குப் பின்னால வாறவனுக்கு. உங்களுக்கு எதுக்கு வேணும்?” என்கிறார். பிறகு சாதாரணமாக, டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்பது போல, “பின்னால ஆளு உக்காருமா?” என்கிறார்.  அதற்கு ஒரு பதில் ஜூன் மாதத்தில் என்னிடம் இருந்தது, இதே இடத்தில் நின்று இவரிடமே சொன்னேன்.

ஜூனில் என்ன சொன்னேன் என்று நினைக்கக்கூடாது என்று வருகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன், ஆனால் இந்தக் கடையில் ரப்பரும் கிரீஸும் கலந்து அடிக்கிற வாசனை இருக்கிறதே, அது மூக்கில் ஏறியதும் என் குரலே எனக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டது. சென்னைக்கு வேலைக்குப் போன ஒருவரிடம் வாங்கிய வண்டி, உயரமான அட்வென்சர் வண்டி, மலை ஏறும் காடு போகும் என்பார்கள், நான் அதில் அதிகபட்சம் மணிமுத்தாறு வரை போயிருக்கிறேன். முதலில் சாரி கார்டைக் கழற்றச் சொன்னேன், பெண் என்றால் பின்னால்தான் உட்காருவாள், சேலைதான் கட்டியிருப்பாள் என்று எவனோ ஒருத்தன் முடிவு செய்து இரும்பில் வளைத்து வைத்திருக்கிறான், பெண் ஓட்டுகிற வண்டியில் அது எதற்கு என்றேன். அதைக் கழற்றினார். பிறகு இந்தப் பின் மட்கார்டு வாலையும் கழற்றுங்கள் என்றேன், அசிங்கமாகத் தொங்குகிறது, படங்களில் வெளிநாட்டு வண்டியெல்லாம் பின்பக்கம் வெட்டின மாதிரி நிற்கும், அது மாதிரி வேண்டும். அண்ணாச்சி ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு, “அது வேண்டாம்மா, மழைக்காலத்துல பின்னால இருக்கவுக முதுகு நாசமாயிரும்” என்றார். நான், “அண்ணாச்சி, என் வண்டிக்குப் பின்னால யாரும் உக்கார மாட்டாவ. நான் யாருக்கும் டிரைவர் இல்ல, யாரும் எனக்கு லக்கேஜ் இல்ல” என்றேன். சொன்னதும் எனக்கே பிடித்துப்போய் அன்றைக்கு ராத்திரியே முகநூலில் போட்டேன். இப்போது அண்ணாச்சி அதையே எடுக்கிறார், “அன்னைக்கு நீங்க ஒண்ணு சொன்னியளே, டிரைவர் லக்கேஜுன்னு, வீட்டுல போயி எம் பொண்டாட்டிகிட்ட சொன்னேம்மா.” வேண்டாம் அண்ணாச்சி, என்று நினைக்கிறேன், வாய், “என்ன சொன்னாவ?” என்று கேட்கிறது. “அப்ப அந்தப் புள்ள கடைசி வரைக்கும் ஒத்தையிலதான் போவாளாமான்னு கேட்டா” என்று சொல்லிவிட்டு அவர் சிரிக்கிறார், கெட்ட சிரிப்பு இல்லை, அந்த அம்மாவுக்கும் என்மேல் கோபம் ஒன்றும் இருக்காது, ஆனால் எனக்குக் காது மடல் சுடுகிறது. பழைய வால் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். “அது அப்பவே ஒருத்தரு எடுத்துட்டுப் போயிட்டாரு. நீங்கதான் கண்ணுலயே காட்டாதீங்கன்னு சொல்லிட்டியளே.” சொன்னேன். அப்படித்தான் சொன்னேன்.

குட்டையைக் கையில் எடுக்கிறேன். இது அழகாக இருக்கிறது. இதை மாட்டினால் வண்டியின் தோற்றம் கெடாது, மட்கார்டும் போட்டாச்சு, யாராவது கேட்டால் சக்கரத்துக்கு நல்லது என்று சொல்லிக்கொள்ளலாம், மனம் மாறினேன் என்று ஆகாது. பார், இப்போதும் யாராவது கேட்டால் என்றுதான் யோசிக்கிறேன். யார் கேட்பது, ஆல்வின் கேட்பான், வேறு யார். ஆல்வினும் எங்கள் துறையில் ஆராய்ச்சிதான் செய்கிறான், எனக்கு ஒரு வருஷம் முன்னால் சேர்ந்தவன், மெதுவாகப் பேசி ஆளை எரிச்சல்படுத்துகிறவன். அக்டோபரில் கேன்டீன் வாசலில் என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “ஜெனோவா, கொள்கையெல்லாம் சரி, சக்கரத்துல தண்ணி மேல எழும்புறது இயற்பியல்லா?” என்றான். அரை மணி நேரம் விட்டேனா அவனை. ஒரு வண்டியின் வடிவம் யாருடைய உடம்பை மனதில் வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது, பின்சீட்டு என்பது எப்படி ஒரு சமூக இடம், என்று ஆரம்பித்து சமோசா ஆறிப்போகிறவரை பேசினேன், எட்டுப் பேர் கூடிவிட்டார்கள், கடைசியில் அவன் கையைத் தூக்கி, “சரி தாயே, நீ ஜெயிச்ச” என்றான். உலகக்கா ஓரமாக உட்கார்ந்து வைவாவுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், “எனக்கு இந்த வாதம் எல்லாம் புரியுதுட்டி, ஆனா எனக்கு முதுகும் இருக்கே” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். உலகம்மாள், பேட்டைக்காரி, அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டே எம்.ஏ. முடித்தவள், என்னைவிட ஏழு வயது மூத்தவள், ஹாஸ்டலில் எனக்கு அம்மை போட்டிருந்தபோது அறைக்குள் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரே ஆள். அவள் ஆராய்ச்சி ரேஷன் கடை வரிசையைப் பற்றியது. ஏழு வருஷம் நான்கு ஊர் ரேஷன் கடைகளில் நின்றாள், குறிப்பெடுக்கப் போய் நிற்கவில்லை, அட்டையோடு பையோடு நின்றாள். காத்திருக்கிற நேரத்தில் பெண்கள் என்ன செய்கிறார்கள், யார் யாருக்கு இடம் பிடித்துக் கொடுக்கிறார்கள், எந்தத் தெருக்காரி எந்தத் தெருக்காரிக்குப் பின்னால் ஒட்டாமல் நிற்கிறாள், எல்லாம் எழுதினாள். நாலாம் இயலை நான்தான் பிழை திருத்தினேன். வரிசையில் முன்னால் நிற்கிறவளுக்கு ரவிக்கை ஹூக் விட்டிருந்தால், சேலையில் கறை பட்டிருந்தால், பாவாடை நாடா வெளியே தெரிந்தால், பின்னால் நிற்கிறவள் சொல்லிவிடுவாள். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூடச் சொல்லிவிடுவார்கள். ஒரு குழாயடிச் சண்டையில் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்ட இரண்டு பேர், மூன்று வருஷமாக முகம் பார்க்காதவர்கள், ஒருத்தி மற்றவளிடம் ‘பின்னால பாத்துக்கோ’ என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதை உலகக்கா கண்ணால் பார்த்து எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் நான், ‘அக்கா, இது ஒண்ணு போதும், டாக்டர் பட்டம் குடுத்துரலாம்’ என்று எழுதினேன். எழுதினது இந்தக் கைதான்.

“இதுல கார்பன் டிசைனும் இருக்கும்மா” என்று அண்ணாச்சி இன்னொரு குட்டையை நீட்டுகிறார். கார்பன் டிசைன். சரி, பார்க்கிறேன், விரலால் தடவுகிறேன், வழவழவென்று இருக்கிறது. அன்று காலை ரோட்டில் மழை இல்லை, அதைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், ராத்திரி பெய்து விட்டிருந்தது, வானம் வெளுத்திருந்தது, யாருக்குத் தெரியும். ஒன்பதேகாலுக்குப் பேட்டையில் அவளை ஏற்றினேன். சந்தனக் கலர் காட்டன் சேலை, புதுசு, கஞ்சி மொடமொடப்பு போகவில்லை, மடியில் எக்ஸ்டர்னலுக்கு, வெளியூரிலிருந்து வரும் தேர்வாளருக்கு, வாங்கிய காராச்சேவும் பாதுஷாவும் இருந்த பை, எங்கள் பக்கம் வைவா என்றால் பட்டம் வாங்கப் போகிறவர்தான் தேர்வாளர்களுக்கும் வந்து உட்காருகிற அத்தனை பேருக்கும் பலகாரம் கொண்டுபோக வேண்டும், அதை எதிர்த்தும் நான் ஒரு தடவை பேசியிருக்கிறேன். பஸ்ஸில் போனால் சேலை கசங்கிவிடும், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று நான்தான் சொன்னேன். அவள் ஒருக்களித்து உட்காரப் போனாள், அதையும் விடவில்லை, சாரி கார்டு இல்லை, சேலை சக்கரத்தில் போகும், ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்காரு, உள்ளே லெகிங்ஸ் போட்டிருக்கிறாய்தானே, என்ன வெட்கம், இந்த வெட்கத்தைத்தான், என்று ஆரம்பித்தேன். “இன்னைக்கு மட்டும் வாய மூடுட்டி” என்றாள். கால் போட்டு உட்கார்ந்தாள். ஒருக்களித்து உட்கார்ந்திருந்தால் விலாவில் பட்டிருக்கும், முந்தானையை இழுத்து மூடியிருக்கலாம். பேட்டை தாண்டிக் குழாய் பதிக்கத் தோண்டின இடம், செம்மண் குழம்பு, நான் பள்ளத்தைப் பார்த்தேன், வேகத்தைக் குறைக்கவில்லை, நேரமாகிவிட்டது என்பது ஒன்று, இந்த வண்டி இதற்காகச் செய்தது என்பது இன்னொன்று. சளப்பென்று ஒரு சத்தம். உலகக்கா பின்னால் “யம்மா” என்றாள். நான், “பயப்படாதக்கா, விழ மாட்டோம்” என்றேன். அவள் விழுகிற பயத்தில் “யம்மா” என்று சொல்லவில்லை.

துறை வாசலில் இறங்கினாள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் திரும்பினாள், அப்போது பார்த்தேன். இடுப்பிலிருந்து கழுத்து மயிர் வரைக்கும் நேராக, தண்டுவடத்தில் வரைந்தது போல, ஒரு செம்மண் கோடு, பக்கத்தில் புள்ளி புள்ளியாக. பார்த்தேன். பிறகு உள்ளே போனோம், ஹாலில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன், அவள் பேசினாள், நன்றாகத்தான் பேசினாள், எக்ஸ்டர்னல் குனிந்து குறித்துக்கொண்டே இருந்தார், லேசர் பாயிண்டர் வேலை செய்யவில்லை, அவள் திரைக்குப் பக்கத்தில் போய்க் கையாலேயே படத்தைக் காட்டினாள், ஹாலுக்கு முதுகு. எழுபது பேர். நாலாம் இயல். “முன்னால நிக்கவளுக்கு முதுகுல என்ன இருக்குன்னு அவளுக்குத் தெரியாது. பின்னால நிக்கவ சொல்லிருவா” என்று திரையைப் பார்த்தபடி சொன்னாள். அப்போதுதான் சிரிப்பு வந்தது. பின்பெஞ்சிலிருந்து ஆரம்பித்து நடுவரிசை வரைக்கும், அடக்கி அடக்கி, மூக்கு வழியாக வருகிற சிரிப்பு. அவள் திரும்பினாள். முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு, தானும் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிவிட்டோம் போல என்று, பிறகு அது போய்விட்டது, அந்தச் சிரிப்பு அவள் முகத்திலிருந்து போன விதம் எனக்குத் தெரியும், அதை நான் மட்டும்தான் அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு இரண்டு கேள்விக்கு ‘தெரியல சார்’ என்றாள், தெரிந்த கேள்விகள். பட்டம் கொடுத்துவிட்டார்கள், கை தட்டினார்கள், பாதுஷா சாப்பிட்டார்கள். இதெல்லாம் நடந்தது. ஆனால் நான் ஒன்றைத் தாண்டி வந்துவிட்டேன், எப்போதும் அந்த இடத்தில் தாண்டிவிடுகிறேன், வாசலில் பார்த்தேன், பிறகு உள்ளே போனோம் என்று. பார்த்ததற்கும் போனதற்கும் நடுவில் ஒன்று இருக்கிறது.

“கரண்ட் போயிரும் போல, நல்லாப் பாத்துக்கோங்க” என்கிறார் அண்ணாச்சி. மூன்று முப்பத்தைந்து. நாம் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், சேலை, சேலையைத் துவைத்திருப்பாள், துவைக்கும்போது தெரிந்திருக்கும், அப்படியானால் அவளுக்கு எல்லாம் தெரியும், பன்னிரண்டு நாளாக நான் வாய் திறப்பேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். இல்லை, அன்று சாயங்காலம் பேய்மழை, டவுன் பஸ்ஸில் போனாள், ஜன்னலுக்குக் கதவில்லாத பஸ், பேட்டையில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து போனதாகச் சொன்னாள், சேறெல்லாம் அப்போது பட்டது என்று நினைத்திருப்பாள். அப்படியே நினைத்திருக்க வேண்டும். அப்படி நினைத்திருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேனா, அவள் இன்னும் ஏமாந்தே இருக்க வேண்டும் என்று? மத்தியானம் அனுப்பின வாய்ஸை நாலு தடவை கேட்டுவிட்டேன். “ஏட்டி ஜெனோவா, நான் அந்தக் காலேஜுக்குப் போடல. நீ சண்டைக்கு வராத. ரேஷன் கடையப் பத்திப் பேசினா சிரிக்கத்தான செய்வாவ, அன்னைக்கே பாத்தாச்சு. நீயே எழுதிருந்தியே. அறுவது பிள்ளைய முன்னால நின்னு அதே சிரிப்ப தெனமும் என்னால கேக்க முடியாது. டியூஷன் எடுக்கேன், அம்மைக்குப் பீடி சுத்துறேன், போதும்.” நீயே எழுதிருந்தியே. ஆமாம், நான் எழுதினேன். வைவா அன்று ராத்திரி, தூக்கம் வராமல், கோபத்தோடு முகநூலில் எழுதினேன், ‘ரேஷன் வரிசை உங்களுக்குச் சிரிப்பா?’ என்று தலைப்பு வைத்து, படித்த கூட்டத்தின் வயிற்றில் இருக்கிற அரிசி எந்த வரிசையில் நின்று வாங்கினது, முதல் தலைமுறை ஆராய்ச்சி மாணவியின் உழைப்பைப் பார்த்துப் பல்லைக் காட்டிய கனவான்களே, என்றெல்லாம். எழுதும்போது நம்பினேன். உண்மையாகவே நம்பினேன், சேறு என் நினைவிலேயே இல்லை, இல்லை, இருந்தது, அதைச் சுற்றிக்கொண்டுதான் ஒவ்வொரு வாக்கியத்தையும் போட்டேன். நானூறு பேர் பகிர்ந்தார்கள். யார் யாரோ உலகக்காவுக்கு ஆறுதல் சொன்னார்கள். ஒரு முதுகுச் சேற்றைப் பார்த்து வந்த அற்பச் சிரிப்பை, ஒரு வாளித் தண்ணீரில் போகக்கூடியதை, எடுத்து அவள் ஏழு வருஷத்தின் மேல் ஒட்டிவிட்டது அவர்கள் இல்லை. அவள் முதலில் சந்தேகமாகத்தான் இருந்திருப்பாள், எதற்குச் சிரித்தார்கள் என்று. நான்தான் தெளிவாக எழுதிக் கொடுத்தேன்.

நீளமானதை எடுக்கிறேன். கனமாக இருக்கிறது, அழகே இல்லை, எருமை நாக்கு மாதிரி. இதை வண்டியில் மாட்டிப் பார்த்தால் ஆல்வின் என்ன சொல்வான், ஒன்றும் சொல்ல மாட்டான், அதுதான், அன்று வாசலிலும் ஒன்றும் சொல்லவில்லை. சரி. வாசல். இறங்கினாள், திரும்பினாள், பார்த்தேன், அவள் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு கையை முதுகுக்குக் கொண்டுபோய், எட்டாமல், என்னைப் பார்த்து, “ஏட்டி, சில்லுன்னு இருக்கு, பின்னால எதுவும் பட்டிருக்கா?” என்று கேட்டாள். கேட்டாள். என்னிடம் கேட்டாள். படியில் ஆல்வினும் அன்று கேன்டீனில் கூடினவர்களில் ஐந்தாறு பேரும் நின்றார்கள். ஆல்வின் அவள் முதுகைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான், அவன் சொல்லக்கூடாது, ஆண்பிள்ளை, நான் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் பார்த்தான், அவன் பார்வையில் கிண்டல்கூட இல்லை, இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் இல்லை. அன்றைக்கு நான் இருந்தது என்று எடுத்துக்கொண்டேன். நான் சொன்னேன், “ஒண்ணுமில்லக்கா. நீ போ.” ஒண்ணுமில்லக்கா, நீ போ. ஐந்து நிமிஷம் இருந்தது, கழிப்பறைக்குக் கூட்டிப்போயிருக்கலாம், என் துப்பட்டாவை ஷால் மாதிரி போர்த்தியிருக்கலாம், சேலையை மாற்றிக் கட்டியிருக்கலாம். அவள் பதறக் கூடாது என்று சொன்னேன், என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன். காய்ந்தால் உதிர்ந்துவிடும் என்று நினைத்தேன், என்று ஒன்று. எக்ஸ்டர்னல் வந்துவிட்டார், நேரமில்லை, என்று ஒன்று. மூன்றும் நல்ல காரணங்கள், யாரும் கேட்டால் அரை மணி நேரம் நின்று பேச முடியும். உள்ளது என்னவென்றால், பட்டிருக்குக்கா என்று சொன்னால் அந்தப் படியில் நின்ற ஆறு பேர் முன்னால் சமோசா அன்று நான் ஜெயித்தது இல்லை என்று ஆகிவிடும். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றுமில்லை, தோண்டிப் பார்த்துவிட்டேன், அடியில் கொள்கை எதுவும் இல்லை. தலைமுடியைப் பிடித்து இழுத்த அந்தக் குழாயடிக்காரிகூடச் சொல்லிவிட்டாள், ‘பின்னால பாத்துக்கோ.’ எனக்கு உலகக்காவோடு ஒரு சண்டைகூடக் கிடையாது.

“இதக் குடுங்க அண்ணாச்சி. நீட்டு.” “இதா? உங்க வண்டிக்குப் பாக்க ஒரு மாதிரி இருக்குமே.” “இருக்கட்டும்.” “ஆளு உக்காருமோ?” “உக்காந்தாவ” என்றேன், அவர் ஸ்பானர் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே தகரத் தாழ்வாரத்துக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பின்பக்கத்துப் போல்ட்டைத் துடைக்கிறார். மூன்று நாற்பத்தெட்டு. இப்போது சொன்னால் அவள் என்ன செய்வாள், சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும், சொல்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது, அதுதான் பயமாக இருக்கிறது, ஒன்றுமே ஆகாது, அவள் டியூஷன் எடுப்பாள், நான் அந்தப் பதிவோடு நல்லவளாகவே இருப்பேன், ஐந்து மணி சும்மா வந்து சும்மா போகும். உலகக்காவைப் போனில் அழைத்தேன்.  “என்னட்டி, நாந்தான் சண்டைக்கு வராதன்னு சொன்னேம்லா” என்றாள், பின்னால் கத்தரியால் பீடி இலை வெட்டுகிற சத்தம், அவள் அம்மாவாக இருக்கும். நான், “உலகக்கா, அன்னைக்கு உன் முதுகுல சேறு இருந்துச்சு. என் வண்டி அடிச்ச சேறு. அதைப் பாத்துத்தான் சிரிச்சாவ. நீ வாசல்ல என்கிட்ட கேட்டப்பவே நான் பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன்” என்றேன்.   அந்தப் பக்கம் கத்தரி இலை வெட்டிக்கொண்டிருந்தது. “பஸ்ஸுல பட்டதுன்னு நெனச்சேன்” என்றாள். பிறகு, “அப்ப நாலாம் இயலுக்குச் சிரிக்கலயா அவிய?” “இல்லக்கா. எக்ஸ்டர்னல் அந்த இடத்துலதான் குறிச்சுக்கிட்டே இருந்தாரு. நான் பாத்தேன்.” “அப்ப நீ எழுதினது?” “பொய்க்கா.” “எல்லாம் பாத்துருக்க” என்றாள், கேள்வி மாதிரியும் இல்லை, திட்டு மாதிரியும் இல்லை. “அந்தப் பதிவ இப்பவே எடுத்துரட்டா?” “எடுக்காத. அதுக்குக் கீழயே என்ன நடந்துச்சோ எழுது. நாலு வரி போதும். என் பேருக்கு முன்னால அந்த முதல் தலைமுறையெல்லாம் போடாத.” சரிக்கா என்றேன். “மணி என்ன?” “நாலாகப் போகுது.” “ஃபாரம் எடுத்துதான் வச்சிருக்கேன். சர்ட்டிபிகேட் எல்லாம் கையெழுத்து வாங்கியாச்சு. நாலேகாலுக்குப் பேட்டை ரயில்வே கேட்டுக்கு வா. மழையில பஸ்ஸு வராது, ஆட்டோக்காரன் பாளையங்கோட்டைக்கு வர மாட்டான், இல்லாட்டி உன்னக் கூப்பிட மாட்டேன்.” வாறேன்க்கா என்றேன். வைத்துவிடுவாள் என்று தெரிந்தது. அவ்வளவுதானா, இவ்வளவு பெரிய விஷயத்தில் அவள் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது, அதைக் கேட்டால் நான் மறைக்காமல், என்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல், சமோசா வரைக்கும் சொல்லிவிடத் தயாராக இருந்தேன், அழுதுவிடவும் தயாராக இருந்தேன். “ஏக்கா, ஏன் அப்படிச் செஞ்சேன்னு கேக்க மாட்டியா?”

“கேட்டா நீ பேசுவ” என்றாள் உலகக்கா. “வை. நான் போட்டோ ஒட்டணும்.”